சோறு வடிக்கிற வரைக்கும்

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த புதிதில் பல்பையும் குத்துவிளக்கைப் போலத்தான் நடத்தினார்கள். சுவிட்சுப் பலகையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் வாசல் தெளித்து, முகம் கழுவி, சுவிட்சைப் போட்டுவிட்டு, எரிகிற பல்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தெருவின் கீழ்ப்பாதியில், கீழ்த்தெரு என்போம், கிறிஸ்தவ வீடுகள். அவர்கள் மாதா படத்துக்கு மேலே பல்பை மாட்டியிருந்தார்கள். அது எரிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். யாரும் இதை வேடிக்கையாக நினைக்கவில்லை. வெளிச்சம் வீட்டுக்குள் வருகிற நேரம் அது. எண்ணெயில் வந்தால் என்ன, கம்பியில் வந்தால் என்ன?

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவுக்கு வந்த அதே கம்பிதான் தெருவைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, எங்கள் கிணற்றுக்கும் போனது. கிணற்று மேட்டில் இருந்ததுதான் கடைசிக் கம்பம். அதற்கு அப்பால் கம்பி கிடையாது. அப்பா காலமான பிறகு மாடு பூட்டிக் கமலை இறைக்க என் ஒருவனால் முடியவில்லை. மாட்டை விற்று மோட்டார் வாங்கினோம். அம்மாவுக்கு மனசில்லை. மாடு போன அன்று தொழுவத்தைக் கூட்டாமலே போட்டுவிட்டார்.

கிணற்றில் எங்களுக்குப் பாதிதான். மறுபாதி பெரியப்பாவுடையது. தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது காலைத் தண்ணீர் அவர்களுக்கு, சாயங்காலத் தண்ணீர் எங்களுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். பெரியப்பா மாட்டை விற்கவில்லை. விடியும் முன்னே அவருடைய கமலைச் சத்தம் கேட்கும். மத்தியானம் முழுக்கக் கிணற்றை ஊறவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் நான் மோட்டாரைப் போடுவேன். இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஒரு வருடம் வந்தது. அணைகளில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்டும் இல்லை என்றார்கள். எங்கள் பக்கம் காலையில், பெரியப்பாவின் முறையில், கொஞ்ச நேரம் கரண்டு கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு பொழுது சாயும்போதுதான் வரும், ஊர் படுக்கிற நேரத்துக்கு மறுபடி போய்விடும். வந்ததும் எல்லா வீட்டிலும் பல்பு எரியும். மாவு மில் ஓடத் தொடங்கும். டீக்கடை ரேடியோ பேசத் தொடங்கும். கடைசிக் கம்பத்தில் நான் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் உறுமும், சுற்றாது. இன்னொரு முறை அமுக்குவேன். மறுபடி உறுமும். சூடேறி, உள்ளே சுற்றியிருக்கிற கம்பிக் காயில் கருகுகிற வாடை வரும் முன்னே சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட வேண்டும்.

கிணற்றடிக் காட்டில் சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். திரளுகிற பருவம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் வெங்காயம் பூண்டுப் பல்லைப் போல நின்றுவிடும். தாள் நுனி அப்போதே வெளுத்து மடங்கத் தொடங்கியிருந்தது. பெரியப்பாவிடம் மாட்டைக் கேட்கலாம் என்று என் மனைவி சொன்னாள். தீவனமில்லாத அந்த வருடத்தில் அவருடைய மாடுகள் தம் முறையை இறைத்து முடிக்கும்போதே வாயில் நுரை தள்ளி நின்றன. அவற்றைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்பது? அவரே ஒருநாள் வரப்பில் நின்று சொன்னார்:

“கம்பியை நம்பி மாட்டை வித்தியே அப்பு. மாட்டுக்கு ஒரு சத்தம் போட்டா எந்திரிக்கும். ஒம் மோட்டாருக்கு என்ன சத்தம் போடுவ?”

கேலிதான், ஆனால் அதில் வருத்தமும் இருந்தது. நான் குனிந்து வரப்புப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே பதில் உடனே வராது.

லைன்மேன் ஒருநாள் சைக்கிளில் வந்தபோது அவரைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மோட்டார்ல பழுது இல்ல தம்பி. வாய்க்கால் மாதிரி நெனச்சுக்க. வர்றதே கம்மி. மில்லும் தெருவும் வழியில உறிஞ்சுருது. கடைமடைக்கு என்ன வரும்? அவங்க செத்த நேரம் பொறுத்தா ஒம் மோட்டாரு சுத்தும்.”

“அவங்ககிட்ட நீங்க சொல்லுவீங்களா?”

“நான் சொன்னா கரண்டாபீசு சட்டம்னு நெனைப்பாங்க. ஒந் தெரு, நீ கேளு.”

அதுதான் எனக்கு முடியாத காரியம். டீக்கடையில் சர்க்கரை குறைந்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருகிறவன் நான். அம்மா சொல்லிப் பார்த்தார், மனைவி சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் மோட்டார் உறுமி நின்றபோது ஏதோ ஒரு வேகம் வந்தது. அந்த வேகம் ஆறுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று சேற்றுக் காலோடு தெருவுக்கு நடந்தேன்.

வயலிலிருந்து வந்தால் முதல் வீடு ஓர் அத்தையுடையது. சொந்த அத்தை அல்ல, முறைக்கு அத்தை. நாற்பது வயதிருக்கும், தெருவில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. மாமா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே பேகம்பூர்க் கடையில் பல்பு வாங்கி, வேட்டி முனையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். நான் போய் நின்றபோது அத்தை அப்போதுதான் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று பயந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்:

“அத்தை, வெளக்க அணைச்சிருங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். கூப்பிய கை அப்படியே இருந்தது.

“என்ன சொன்ன?”

“வெளக்க… செத்த நேரம்… அணைச்சு வைங்க.”

“ஏலே! வெளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல வந்து நின்னுக்கிட்டு அணைக்கச் சொல்றியே, நீ மனுசனா? வீட்டு ஆம்பள டவுனுக்குப் போயிருக்காரு, சைக்கிள்ல ரோட்டு மேல வாரவரு! இந்த வார்த்தைய என் வாசல்லயா வந்து சொல்லணும்?”

எங்கள் பக்கம் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பகலில்கூடக் குளிர வை என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பல்புதானே என்று வாய் தவறிவிட்டது. நான் ஏதோ முனகினேன். மோட்டார் என்றேன், லைன்மேன் என்றேன். எதுவும் கோவையாக வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் தலையை நீட்டி, “என்னக்கா?” என்றாள். “வெளக்க அணைக்கச் சொல்லி வந்திருக்காரு தொரை” என்றார் அத்தை. நான் திரும்பி நடந்தேன். மற்ற வீடுகளின் பக்கம் பார்க்கவே இல்லை.

மாமா அன்று பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தார். சைக்கிள் மணிச் சத்தம் தெருவில் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த வாரம் களையெடுக்க ஆள் சொல்லியிருந்தோம். வருகிறவர்களில் அத்தையும் ஒருவர். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என்னோடு பேசவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மண்ணை விரலால் நோண்டிப் பார்த்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏத்தா, இதுக்குத் தண்ணி காட்டி எம்புட்டு நாளாச்சு?”

மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். உறுமுகிற மோட்டார், லைன்மேன் சொன்ன கடைமடை, பெரியப்பாவின் மாடுகள், எல்லாம். நான் வரப்பில் மண்வெட்டியோடு நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“ஏன்டா, இதச் சொல்றதுக்கு ஒனக்கு வாய் இல்லையா? வெளக்க அணைன்னு ஒத்த வார்த்தையச் சொல்லிட்டு ஓடுற?”

“ஓடல அத்தை.”

“ஓடுனதத்தான் தெருவே பாத்துச்சே.”

களையெடுத்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

“எரியிற வெளக்குல நான் கைய வைக்க மாட்டேன். அது என் வீட்டுல நடக்காது. ஆனா ஏத்தாம இருக்கலாம்ல? பொழுது சாஞ்சா மாடத்துல எண்ணெ வெளக்கு ஏத்துறோம். சாமிக்கு அது போதும். சோறாக்க அடுப்பு வெளிச்சம் இருக்கு. பல்பு வர்றதுக்கு முன்ன எந்த வெளிச்சத்துல ஆக்குனோம்? சோறு வடிச்சு, தட்டு வைக்கிறப்ப சுச்சிய போட்டுக்கலாம். அதுக்குள்ள ஒங் கெணறு வத்திராது?”

“வத்திரும் அத்தை. அதுக்கு மேல தண்ணி இருக்காது.”

“அப்பச் சரி. சோறு வடிக்கிற வரைக்கும் ஒம் மோட்டாருக்கு. அதுக்கப்புறம் எங்களுக்கு.”

கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது போலவே அவர் கரண்டுக்கும் முறை வைத்துவிட்டார். மற்ற பெண்களுக்கும் அது உடனே பிடிபட்டது. முறை என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருத்தி மட்டும், “எண்ணெய்க்கு யாரு தருவா, இவுகளா?” என்று என் மனைவியை இடித்தாள். “ஒங் கொழம்புக்கு வெங்காயம் எங்கருந்து வருதாம்?” என்றார் அத்தை.

அப்புறம் மில். அதுதான் பெரிது. பெண்கள் கூலித் தானியத்தை வாங்கிக்கொண்டு சாயங்காலம் மில்லுக்குத்தான் போவார்கள். சோளமும் கம்பும் ஓலைப் பெட்டியில் வரிசையாக நிற்கும். அன்று அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மில்காரர் தலையெல்லாம் மாவாக நின்றிருந்தார்.

“ஒங் காரியம், நீயே சொல்லு” என்றார் அத்தை.

பெல்ட் ஓடுகிற சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மில்காரர் பெல்ட்டை நிறுத்தினார். திடீரென்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தைகள் நினைவிருக்கின்றன.

“வெங்காயம் காயுது. சாயங்காலம் மில்லு ஓடாட்டி மோட்டாரு ஓடும். காலைல அரைச்சுக்கிருவீங்களா?”

“அட, பேசத் தெரியுதே!” என்றார் மில்காரர். “மாப்ளே, ஒம் மோட்டாரு ஓட எம் மில்லு படுக்கணுமாக்கும்? காலைல கரண்டு இருக்கிறப்ப இவளுக எல்லாம் வேலைக்கு ஓடுவாளுக. யாரு வருவா?”

பெட்டியோடு நின்றவர்களில் கீழ்த்தெரு டீச்சர் ஒருவரின் அம்மாவும் இருந்தார். அவர் சொன்னார்: “நான் வாரேன். காலைல கோயிலுக்குப் போறப்ப பெட்டிய வச்சிட்டுப் போறேன். திரும்புறப்ப எடுத்துக்கிறேன்.”

“நாங்க வேலைக்குப் போற வழியில வச்சிட்டுப் போறோம்” என்றாள் இன்னொருத்தி. “மாவு குறையாம இருந்தாச் சரி.”

“என்னிக்குடி குறைஞ்சது?”

“நிறுத்துப் பாத்தாத்தான தெரியும்?”

எல்லோரும் சிரித்ததில் மில்காரருக்கு வேறு வழி இல்லாமல் போனது. அன்றைக்கு வந்த பெட்டிகளை மட்டும் அரைத்துவிட்டு நாளையிலிருந்து காலையில் என்றார். “சாயங்காலம் நான் என்ன பண்றது?” என்று கேட்டார். “பொண்டாட்டிக்கு அடுப்பு ஊது” என்றார்கள்.

கீழ்த்தெரு வீடுகளில் சாயங்கால செபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொள்கிறோம் என்று டீச்சரின் அம்மா சொல்லிவிட்டார். ஒரே ஒரு வீடு மட்டும் விலக்கு. அங்கே பிள்ளை பிறந்து தீட்டுக்கூடக் கழியவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் இருட்டு ஆகாது. அந்த வீட்டில் கேட்கவும் வேண்டாம் என்று அத்தையே சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் சாயங்காலம் கிணற்று மேட்டில் நின்று தெருவைப் பார்த்தேன். வழக்கமாக அங்கே மஞ்சளாக வரிசை தெரியும். அன்று பிள்ளை பெற்ற வீட்டு வெளிச்சம் ஒன்றுதான். மற்ற வாசல்களில் சின்னச் சின்னச் சுடர். புகை மட்டும் எல்லாக் கூரையிலிருந்தும் எழுந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினேன். உறுமியது. உறுமல் அப்படியே இழுத்து, இழுத்து, சீறலாக மாறியது. சுற்றிவிட்டது. குழாய் வாயில் முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர். மனைவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்கு ஓடினாள்.

அப்படித்தான் அந்த வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினோம். எல்லா நாளும் ஒன்றுபோல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் விருந்தாளி வந்த வீட்டில் முன்னதாகவே பல்பு எரிந்தது. டீக்கடைக்காரர் ரேடியோவில் செய்தி கேட்காமல் இருக்க முடியாது என்றார், அதை நாங்களும் வற்புறுத்தவில்லை. மாமா மட்டும் சைக்கிளில் வரும்போது தெரு இருட்டாக இருக்கிறது என்று அத்தையிடம் சலித்துக்கொண்டாராம். “வழி தெரியலேன்னா மணிய அடிச்சுக்கிட்டே வாங்க” என்று சொல்லிவிட்டார் அத்தை.

வெங்காயம் பிடுங்குவதற்கு முன் கடைசித் தண்ணீர் என்று ஒன்று உண்டு. அது சரியாகப் பாய்ந்தால்தான் வெங்காயம் எடை நிற்கும். அந்தத் தண்ணீருக்கு நாங்கள் வைத்திருந்த சாயங்காலம் கரண்டு வரத் தாமதமானது. தாமதமாக வந்ததால் மோட்டாரும் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியது. பாதிப் பாத்திகள்கூட நனையவில்லை. அதற்குள் தெருவில் சோறு வடித்துவிட்டார்கள். முதல் பல்பு அத்தை வீட்டில் எரிந்தது. அடுத்து எதிர்வீடு. பிறகு வரிசையாக. அவர்கள்மேல் தப்பில்லை. சோறு வடிக்கிற வரைக்கும் என்பதுதான் பேச்சு.

மோட்டாரின் சத்தம் இறங்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை மாட்டின் மூச்சைப் போல எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் நின்றுவிடும், நிற்காமல் இழுத்தால் காயில் போய்விடும். சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தேன். மனைவி காட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, “நிறுத்தாதீக! இன்னும் வரல!” என்று கத்தினாள். விரலை எடுக்கவும் முடியவில்லை, அமுக்கவும் முடியவில்லை. தெருவுக்கு ஓடிப் போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? எரிகிற விளக்கை அணையுங்கள் என்றா?

அப்போது முதல் வீட்டுப் பல்பு அணைந்தது.

எங்கள் மோட்டார்ச் சத்தம் அத்தை வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலும் அணைந்தது. பிறகு அதற்கு அடுத்தது. அந்த வரிசை கீழ்த்தெரு வரைக்கும் போனது. போகப் போக மோட்டார் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சீறியது. நான் விரலை எடுத்தேன். கடைசிப் பாத்தி நனைந்து, கிணற்றுத் தண்ணீர் குழாய்க்கு எட்டாமல் போகும்வரை தெருவில் ஒரு பல்பும் எரியவில்லை, பிள்ளை பெற்ற வீட்டைத் தவிர.

மறுநாள் காலை அத்தை வரப்போடு வந்தார். பாத்திகளில் ஈரம் இன்னும் மினுமினுவென்று இருந்தது. குனிந்து தாளை விலக்கி வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நேத்து எம் பல்பு பியூஸ் போயிருச்சு. அதான் இருட்டா இருந்துச்சு. நீ வேற எதையாவது நெனச்சுக்காத.”

“எதிர்வீட்டுலயுமா அத்தை?”

“அவ பல்பும்தான். அம்புட்டுப் பேரு பல்பும் ஒரே கடையில வாங்குனது.”

“டவுனுக்குப் போறேன். பேகம்பூர்ல வேற பல்பு வாங்கியாறட்டுமா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“வேணாம் அப்பு. இன்னிக்கு அதுவா எரியும்” என்று சொல்லிவிட்டு, திரண்ட வெங்காயம் ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்து நடந்தார்.